பட்டைக்குள் ஓடும் நீர்



சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லி துரையின் தூண்டுதலால், தான் சே யான் என்பவர் 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை ஊன்றியதனால், மலாயாவின் முதல் வாணிப ரப்பர்த் தோட்டம் என்னும் கீர்த்தி இந்த மலாக்காவுக்குக் கிட்டிற்று. ரப்பர் மரத்தில் பால் வெட்டி, அந்தக் கீர்த்தியைத் தோளில் சுமந்த நம் முன்னோர், சாஸ்திர நூல் எதையும் வாசியாமலே, தாவர வாழ்வின் சூட்சுமம் ஒன்றை நித்தியமும் கையாண்டு வந்தார்கள்.

பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு முடிந்து, பொழுது புலருமுன் அவர்கள் பால்மரத்தடியில் நின்றது கங்காணியின் அதட்டலுக்காக மாத்திரமன்று. இரவில் இலைத்துளைகள் மூடியிருக்க, வேர் உறிஞ்சிய ஜலம் பட்டையில் நிறைந்து, பால்நாளங்களின் உள்ளழுத்தம் ஏறத்தாழ 10 வளிமண்டல அளவுக்கு உயர்ந்து நிற்கும் வேளை அது. வெயில் ஏறினால் அழுத்தம் தணியும், மங்கு என்னும் கிண்ணத்தில் விழும் பாலும் குறையும். பாலில் பெரும்பகுதி நீர்தானே!

உளி சீவிய இடத்தில் மரம் சும்மா இருப்பதில்லை. காயத்தின் செய்தியை ஜாஸ்மோனிக் அமிலம் என்னும் ஹார்மோன் ஏந்திச் சென்று புதிய பால்நாளங்கள் தோன்றத் தூண்ட, கேம்பியம் என்னும் வளர்படலம், உளி தன்மீது படாதிருந்தால், சில ஆண்டுகளில் மறுபட்டையை உண்டாக்கித் தருகிறது. ஆனால் ஹார்மோன் இடும் கட்டளையை நிறைவேற்ற உயிரணு விரிய வேண்டும். விரிவதற்கு நீர் வேண்டும். வறட்சியிலோ அப்சிசிக் அமிலம் பெருகி, இலைத்துளைகளை மூடி, வளர்ச்சியை அடக்கிவிடுகிறது. நாற்றுமேடையில் ஒட்டுக்கட்டுகிறவர்கள், காய்ந்த நாளில் பட்டை உரியாது என்று வேலையைத் தள்ளிப்போடுவதும் இதனாலேயே.

1960-களின் பிற்பகுதியில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் பரிசோதித்த எத்திஃபான் என்னும் ஊக்கி மருந்தின் கதை இன்னும் விசேஷமானது. பட்டையில் தடவப்பட்ட அது எத்திலீனை வெளியிட, எத்திலீன் உட்பட்டையில் நீர்வாய்க்கால்களான புரதங்களைப் பெருக்குகிறது. நாளங்களுக்குள் நீர் புகுந்து பால் இளகி, வெட்டுவாய் சீக்கிரம் அடைபடாமல் நெடுநேரம் ஒழுகுகிறது. மகசூல் கூடியதைக் கண்டு மகிழ்ந்தவர்கள், மருந்து பாலைப் படைக்கவில்லை, நீருக்குக் கதவைத்தான் திறந்தது என்பதைச் சில வேளை மறந்துபோனார்கள். அளவு மீறித் தடவிய மரங்களில் வெட்டுவாய் வறண்டு, பால் நின்றுபோனதும் உண்டு. 1991-இல் டுரியான் துங்கால் நீர்த்தேக்கமே வற்றக் கண்ட நம் மாநிலத்தார்க்கு, திறந்த குழாயில் தண்ணீர் வராத அனுபவத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை.

பட்டம் பெற்று நிற்கும் இளைஞர்களே, ஊக்கி தடவச் சொல்லும் அதிகாரம் நாளை உங்களில் சிலருக்கு வரக்கூடும். உத்தரவில் கையெழுத்திடுமுன், மாசியில் இலையுதிர்ந்து நிற்கும் நிரைக்குள் இறங்கி, அங்கே பால் வெட்டும் அம்மாளிடம், "பட்டை எப்படியம்மா இருக்கிறது?" என்று கேட்டு, அவர் சொல்லும் விடையை உங்கள் கருவி காட்டும் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.