ஒரு மெட்டும் இரு தோழியரும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் புகுந்த நமக்கு வீடு கிடைத்துவிடும். தோழமை அத்துணை எளிதில் கிட்டுவதில்லை. தில்லிக்கு வந்த புதிதில், இந்தி பேசக் கூசிய என் மகள் எவரோடும் சேராது தனித்தே இருந்தாள். ‘அனிமே’ எனப்படும் ஜப்பானியச் சித்திரப் படங்களின் பாடல்களே அவளுக்குத் துணை. “பொருள் விளங்காத பாட்டு எதற்கு?” என்று நான் கடிந்ததுண்டு.

ஒரு மாலை, மாடிப்படியில் அமர்ந்து அவள் பாடிக்கொண்டிருந்தாள். மியாசாகி இயக்கி 1988-இல் வெளிவந்த ‘அண்டைவீட்டு டோட்டோரோ’ என்னும் படத்திற்கு ஜோ ஹிசாய்ஷி இசையமைத்த பாடல் அது. மேல்வீட்டில் குடியிருந்த கோஹிமா நகரத்துப் பெண் படியிறங்கி வந்தவள் நின்றாள். அடுத்த அடியை அவளே பாடினாள். சில நாளில், 1995-இல் ஒளிபரப்பான ‘எவாஞ்சலியன்’ தொடரின் முகப்புப் பாடலையும் இருவரும் சேர்ந்து பாடலாயினர். ஏறத்தாழ 90 விநாடிப் பாடல். பேச்சோ இரவுவரை நீண்டது.

இந்தியில் பிழை நேருமோ என்று அஞ்சியவள் ஜப்பானிய மொழியில் அஞ்சவில்லை. அம்மொழி இருவருக்குமே அயல்மொழி. அங்கே நகைப்பவரும் இல்லை, நாணுபவரும் இல்லை.

சொல்லுக்குப் பொருள் தேடுவதே என் அலுவல். பொருளறியாப் பாட்டு என் மகளுக்கு ஒரு தோழியைத் தேடித் தந்தது. உங்கள் இல்லத்திலும் அத்தகைய பாட்டு ஒலித்தால் தடுக்காதீர்கள். கதவைச் சற்றே திறந்து வையுங்கள்.