யாருக்கு மனச்சோர்வு வரும்?



நினைவுப் பேருரை என்றால் மறைந்த தோழரின் நெஞ்சுரத்தைப் பேசுவது நம் வழக்கம். இன்று நெஞ்சுரம் குன்றும் வேளையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். மனச்சோர்வு என்கிறோம், 'டிப்ரஷன்' என்கிறோம். நம் கூட்டங்களில் இந்தச் சொல் எழுந்தால், அது வசதியானவர்களின் வியாதி என்று யாராவது சிரித்துக் கடந்துவிடுவார். அந்தச் சிரிப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தொடங்கி வைத்தவர்கள் நம்மைப் போன்ற மக்களை ஆண்டவர்கள்.

1851இல் அமெரிக்காவின் லூசியானாவைச் சேர்ந்த சாமுவேல் கார்ட்ரைட் என்னும் மருத்துவர், பண்ணையிலிருந்து தப்பி ஓடும் அடிமைகளுக்கு ஒரு மனநோய் இருப்பதாக எழுதினார். 'டிராபெட்டோமேனியா' என்று அதற்குப் பெயரும் வைத்தார். சவுக்கடியைச் சிகிச்சையாகச் சொன்னார். நூறு ஆண்டுகள் கழித்து, 1953இல், கென்யாவின் மாத்தாரி மனநோய் மருத்துவமனையை நடத்திவந்த ஜே.சி. கரோதர்ஸ் எழுதிய நூலை உலக சுகாதார நிறுவனமே வெளியிட்டது. ஆப்பிரிக்கர்களுக்கு மனச்சோர்வு அரிது என்றார் அவர். அவர்கள் மூளையின் முன்பகுதியைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்றும் எழுதினார். அவர் எண்ணிப் பார்த்தது மருத்துவமனைக்குள் அடைக்கப்பட்டவர்களை. குடிசையின் மூலையில் பேசாமல் சுருண்டு படுத்திருக்கும் பெண்ணை யார் அங்கே இழுத்துப் போவார்கள்? ஊருக்குத் தொல்லை தருபவர்தான் பதிவேட்டில் ஏறுவார்.

அதே 1953இல் அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் பொறுப்பேற்றார் ஃபிரான்ஸ் ஃபனான். அங்கே பிரெஞ்சுப் பேராசிரியர்கள், அல்ஜீரியனின் துயரம் தன்னை நோக்கித் திரும்பாது, பிறரைக் கொல்லவே திரும்பும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். உள்மனம் என்று ஒன்று இருப்பவருக்குத்தானே மனச்சோர்வு வரும்? அடிமைப்பட்டவனுக்கு அது இல்லை என்பதே அந்தப் பாடம். சொந்த மண்ணிலேயே அந்நியராக்கப்பட்ட மக்களை, அப்படி ஆக்கிய ஆட்சியோடு ஒத்துப்போக வைப்பது மருத்துவம் ஆகாது என்று கண்டு 1956இல் ஃபனான் பதவி விலகினார். நாம் அவரை மேடைகளில் வன்முறை பற்றிப் பேசும்போது மட்டும் நினைக்கிறோம். அவர் நோயாளிகளின் வார்டில் நாட்களைக் கழித்த டாக்டர் என்பதை மறந்துவிடுகிறோம்.

சீனாவில் 1980களின் தொடக்கத்தில் ஹூனான் மாகாணத்தில் ஆய்வு செய்த ஆர்தர் கிளைன்மன், தலைவலி, தூக்கமின்மை, அசதி என்று வந்தவர்களைச் சந்தித்தார். நரம்புத் தளர்ச்சி என்பது அங்கே அவர்களுக்குத் தரப்பட்டிருந்த பெயர். பெரும்பாலோருக்கு இருந்தது மனச்சோர்வுதான் என்று அவர் கண்டார். கலாச்சாரப் புரட்சியில் அடிபட்ட அந்தத் தலைமுறைக்கு, மனம் உடைந்துவிட்டது என்று சொல்வது அரசியல் குற்றமாகக்கூட எண்ணப்படலாம். தலை வலிக்கிறது என்று சொல்லலாம். ஜப்பானிலோ 1990களின் இறுதியில் மருந்து நிறுவனங்கள் மனச்சோர்வை 'மனதின் சளி' என்று விளம்பரப்படுத்தி மாத்திரை விற்றன. 2000இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம், ஓயாத வேலையால் மனம் நொந்து உயிரை மாய்த்துக்கொண்ட 24 வயது ஊழியரின் சாவுக்கு அவருடைய நிறுவனமே பொறுப்பு என்றது. சளி என்றால் முதலாளிக்கு அதில் பங்கு இல்லை. தீர்ப்பு அந்தப் பங்கைச் சுட்டிக்காட்டியது.

நாம் இன்று சற்று நின்று பேச விரும்புவது ஜிம்பாப்வே பற்றி. 2005இல் அந்த அரசு நகரங்களில் குடிசைகளையும் தெருக்கடைகளையும் புல்டோசர் வைத்து இடித்தது. வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் ஏழு லட்சம் பேர் என்று ஐ.நா. மதிப்பிட்டது. கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஒரு இளம்பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். ஏன் அழைத்து வரவில்லை என்று அவர் தாயிடம் கேட்டார். பஸ்ஸுக்கு 15 டாலர் இல்லை என்றார் தாய்.

அந்த நாட்டில் அப்போது மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். ஹராரேயின் எம்பாரே பகுதியில் அவருக்குக் கிடைத்தவர்கள் 14 பாட்டிமார், நகராட்சியின் சுகாதாரப் பணியாளர்கள். கிளினிக்கில் அறை கிடைக்கவில்லை. வெளியே ஒரு மர பெஞ்சு போட்டார்கள். 'மனநல பெஞ்சு' என்று அவர் பெயர் வைத்தபோது யாரும் வந்து உட்காரவில்லை. பெயரை மாற்று என்று பாட்டிமார்தான் சொன்னார்கள். அது 'நட்பு பெஞ்சு' ஆனது. நோயின் பெயரும் ஊர்ப் பேச்சிலிருந்தே வந்தது: ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா', அதிகமாக யோசித்தல். நம் அம்மாக்கள் சொல்லும் 'ரொம்ப யோசனை பண்ணாதே' நினைவுக்கு வருகிறது அல்லவா?

வருபவர் எல்லாக் கஷ்டத்தையும் கொட்டுவார். வாடகை, அடிக்கும் கணவன், எச்.ஐ.வி., வேலையின்மை. அதில் ஒன்றை அவரே தேர்ந்தெடுப்பார். அதற்கு என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து யோசிப்பார்கள். இப்படி ஆறு சந்திப்புகள். 2016இல் வெளியான ஆய்வு 24 கிளினிக்குகளில் 573 பேரைப் பின்தொடர்ந்தது. பெஞ்சில் அமர்ந்தவர்களிடம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நோயின் அறிகுறிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. பாட்டிமார் புல்டோசரை நிறுத்தவில்லை என்பதும் உண்மை. வாடகை கொடுக்க முடியாதவரிடம் உன் மூளையில் கோளாறு என்று அவர்கள் சொல்லவில்லை. அதே நேரத்தில், புரட்சி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டுக்கு அனுப்பவும் இல்லை.

இரண்டாவதை நாம் செய்திருக்கிறோம். 2007இல் தோரட் குழு டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் சந்தித்த பாகுபாட்டை எழுதி வைத்தது. 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலாவை இழந்தோம். தெருவில் இறங்கினோம், அது சரி. ஆனால் அதே விடுதிகளில் சாப்பிடாமல், வகுப்புக்குப் போகாமல், கதவைச் சாத்திக்கொண்ட நம் பிள்ளைகளிடம் 'அம்பேத்கரைப் படித்தவன் சோர்ந்து போகலாமா' என்று கேட்டவர்களும் நாம்தான். அந்தக் கேள்வியால் வாய் மூடிப் போனவர்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். மாத்திரை தேவைப்படுபவர் அதைச் சாப்பிடுவது இயக்கத்துக்கு இழுக்கு என்று இனி யாரும் பேச வேண்டாம். அரசு மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற அரசின் இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

ஹராரேயில் அந்தப் பெண்ணுக்கு இல்லாமல் போனது பஸ் காசு. நம் விடுதி மாணவருக்கு எது இல்லை, யாரிடம் போய் உட்காரத் தோன்றும், யாரிடம் தோன்றாது என்பதை இங்கே இருக்கும் மாணவர்கள் சொன்னால்தான் தெரியும். மேடைக்கு வந்து சொல்ல வேண்டும் என்பதில்லை. பின்வரிசையில் வந்து பக்கத்தில் அமர்கிறோம். மீதி நேரத்தை அதற்கு விடுகிறோம்.