இடம் மட்டும் போதாது. கட்டணத்துக்கும் சட்டம் வேண்டும்

(தனியார் கல்லூரிகளில் மருத்துவம் பயில விரும்பும் மாணவர்களுக்கான உபகாரச் சம்பளம் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், செடெனாக்கைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் ஜொகூர் மாநிலத்தின் செடெனாக்கிலிருந்து வருகிறேன். நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது ஒரு டோல் சாவடியின் பெயர். எங்களுக்கு அது ரப்பரும் செம்பனையும் சோறு போட்ட ஊர்.

என்னிடம் படித்த ஒரு பெண்பிள்ளையைப் பற்றி முதலில் சொல்கிறேன். தகப்பனார் லாரி ஓட்டுநர். பிள்ளை எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல புள்ளிகள் எடுத்தாள். பொதுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரி ஒன்று இடம் கொடுத்தது. கடிதம் வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். மறுநாள் காலையில் தகப்பனார் அந்தக் கடிதத்தோடு என் வாசலில் நின்றார்.

"சார், முதல் தவணையை ரெண்டு வாரத்துல கட்டணும்னு போட்டிருக்கு. கடன் எப்ப சார் வரும்?"

என்னிடம் பதில் இல்லை. முன்பணம் கட்டிப் பதிவு செய்தால்தான் கடனுக்கு மனுச் செய்யலாம். கடன் வந்தால்தான் பணம் கட்டலாம். அந்த இரண்டு வாரமும் கடந்து போனது. இன்று அந்தப் பிள்ளை ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். வேலையில் குறைவில்லை. ஆனால் அவள் தோற்றது படிப்பில் அல்ல, தேதியில்.

சட்டம் எதற்கு?

நம் நாட்டில் உதவியே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பி.டி.பி.டி.என். உருவானது. அதனால் படித்து முன்னேறிய இந்தியக் குடும்பங்கள் ஏராளம். ஆனால் அது முதலில் கடன். பொதுச் சேவைத் துறையின் உபகாரச் சம்பளமோ கொள்கை முடிவுகளைப் பொறுத்தது. அமைச்சரவை மாறினால் விதி மாறும். நிதி நெருக்கடி வந்தால் எண்ணிக்கை குறையும்.

2024ஆம் ஆண்டில், எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ-வும் அதற்கு மேலும் பெறும் எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் உறுதி என்று பிரதமர் அறிவித்தார். நல்ல அறிவிப்பு, நன்றி சொல்வோம். ஆனால் அறிவிப்பு வேறு, சட்டம் வேறு. அறிவிப்பை நம்பிப் பிள்ளை காத்திருக்க வேண்டும். சட்டம் இருந்தால் பிள்ளை கேட்டு வாங்கலாம்.

தமிழ்நாடு கற்ற பாடம்

சட்டம் போட்டுவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? இதற்குத் தமிழ்நாட்டைப் பாருங்கள். நீட் தேர்வு வந்த பிறகு அங்கே அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம் என்ற நிலை. நீதிபதி கலையரசன் ஆணையம் இதை ஆராய்ந்தது. 2020ஆம் ஆண்டு சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்விலும் தேறியவர்களுக்கு மருத்துவப் படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம். ஆளுநரின் ஒப்புதலுக்காகப் பல வாரங்கள் காத்திருந்து, அக்டோபர் 30ஆம் தேதி அது கிடைத்தது. அந்த ஆண்டே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 400 இடங்கள் அந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டன.

ஆனால் அந்த இடங்களில் ஒரு பகுதி தனியார் கல்லூரிகளில் இருந்தது. நவம்பரில் கலந்தாய்வு தொடங்கியதும் கூலி வேலை செய்யும் பெற்றோர் கட்டணத்தைக் கேட்டுத் திகைத்தார்கள். சிலர் கையில் வந்த இடத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். செய்தி வெளியானதும், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அன்றைய முதல்வர் பழனிசாமி அறிவித்தார். நல்ல முடிவுதான். ஆனால் அதற்கு முன்பே இடத்தை விட்டுவிட்டுப் போன பிள்ளையின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

சட்டம் கதவைத் திறந்தது. உள்ளே போகப் படி வைக்க மறந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டம் என்று ஒன்று இருந்ததால்தான் அது நீதிமன்றத்திலும் நின்றது.

இரண்டு மறுப்புகள்

எனக்கு முன் பேசிய நண்பர், பொதுப் பணத்தைத் தனியார் கல்லூரிக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பணம் கல்லூரிக்காக அல்ல, மாணவனுக்காக. படித்து முடித்ததும் அவன் அரசு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ குறிப்பிட்ட ஆண்டுகள் வேலை செய்து அதைத் திருப்பித் தரட்டும்.

இன்னொருவர், மருத்துவர்கள் ஏற்கெனவே அதிகம் என்றார். 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்டதும், 2021 ஜூலை 26 அன்று அவர்கள் பணியிலிருந்து வெளிநடப்புச் செய்ததும் நமக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: சேவை செய் என்று கட்டாயப்படுத்தும் சட்டம், வேலைக்கும் உத்தரவாதம் தர வேண்டும். தவிர, எத்தனை மருத்துவர் வேண்டும் என்பது ஒரு கணக்கு. அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பது வேறு கணக்கு. எண்ணிக்கையைக் குறைப்பதானால் தகுதியைப் பார்த்துக் குறையுங்கள். தகப்பனின் சம்பளத்தைப் பார்த்துக் குறைக்காதீர்கள்.

என் கோரிக்கை

நம் நாடாளுமன்றத்தில் அப்படி ஒரு சட்டம் வர வேண்டும். அதில் மூன்று விதிகள் போதும். கல்லூரியின் அனுமதிக் கடிதமும் உபகாரச் சம்பள முடிவும் ஒரே நாளில் பிள்ளையின் கைக்கு வர வேண்டும். அந்த முடிவு வரும்வரை எந்தக் கல்லூரியும் முன்பணம் கேட்கக் கூடாது. மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தந்து, மேல்முறையீட்டுக்கு நாள் கொடுக்க வேண்டும்.

இந்த மூன்றும் இருந்திருந்தால், அன்று காலை என் வாசலில் நின்ற அந்தத் தகப்பனாருக்கு நான் ஒரு பதில் சொல்லியிருப்பேன். இனி வரும் தகப்பனாருக்காவது அந்தப் பதிலைச் சொல்ல வழி செய்யுங்கள்.