முடிச்சும் யாப்பும்



இப்பொழிவின் பொருள் ஒரு கைவேலை. நூலை முடிச்சு முடிச்சாகப் பின்னி, நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக வளர்த்து, மேசையை மூடும் அளவுக்கு ஒரு வட்ட விரிப்பைச் செய்து முடிப்பது. தையல் கற்றோர் இதனை டாட்டிங் என்று ஆங்கிலப் பெயராலேயே வழங்குவர். பெரிய விரிப்பு ஒன்று முடியப் பல மாதங்கள் ஆகும். வீட்டுவேலைக்கு இடையில் செய்வோர்க்கு ஆண்டுக்கணக்கிலும் ஆகலாம். கவிஞர் கூடிய அவையில் இதற்கென்ன இடம் என்ற வினா எழக்கூடும். பாட்டைக் கட்டுவதாகச் சொல்லும் மொழி நம்முடையது. கட்டுதலையே தொழிலாகக் கொண்ட கைகளிடமிருந்து கவிஞர் பெறத்தக்கது உண்டு. அக்கைகளுக்குத் தமிழ் செலுத்த வேண்டிய கடனும் உண்டு.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் நீர் புரளும் நாளைவிட மணல் தெரியும் நாளே மிகுதி. இத்தகைய நிலத்தில் மழை பொய்த்தாலும் கை ஓயக்கூடாது. அருப்புக்கோட்டையில் தறி ஓடிற்று, மல்லிகை தொடுக்கப்பட்டது. அரும்புக்கோட்டை என்பதே அருப்புக்கோட்டை என மருவியது என்பாரும் உளர். திருச்சுழி, தேவாரத்தில் திருச்சுழியல். பெருவெள்ளத்தை இறைவன் சுழித்து நிலத்துள் புகச் செய்தான் என்பது தலபுராணம். இறைவியின் பெயர் துணைமாலையம்மை. எனவே சுழியும் மாலையும் முடிச்சும் இந்நிலத்தார்க்குப் புதியன அல்ல.

டாட்டிங்குக்கு வேண்டிய கருவி, விரல் நீளமே உள்ள படகு வடிவான சிறு நாடா. தறியில் ஊடையைக் கொண்டுசெல்லும் நாடாவின் குழந்தை எனலாம். இடக்கை விரல்களைச் சுற்றி நூலை வளையமாகப் பிடித்து, வலக்கை நாடாவை அதன் கீழும் மேலுமாகச் செலுத்தினால் பாதி முடிச்சு விழும். திசை மாற்றிச் செலுத்தினால் மறுபாதி விழும். இரண்டும் சேர்ந்தது ஒரு முடிச்சு. விரிப்பு எவ்வளவு பெரிதாயினும் அதில் இருப்பது இந்த ஒரே முடிச்சுதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. முதலில் நாடாவின் நூலே மற்ற நூலைச் சுற்றிக்கொள்ளும். அப்போது நாடா நூலை இறுக்கி இடக்கை நூலைத் தளர்த்த வேண்டும். உடனே முடிச்சு இடம் மாறும். முடிச்சுப் போட வந்த நூல் நேராகி அச்சாக நிற்கும். மற்றது அதனைத் தழுவிக்கொள்ளும். இப்படி இடம் மாறிய முடிச்சு அச்சின்மேல் வழுக்கி ஓடும். நூலை இழுத்தால் வளையம் அழகாக மூடும். இடம் மாறாத முடிச்சோ நின்ற இடத்திலேயே பூட்டிக்கொள்ளும், வளையம் மூடாது. கற்கத் தொடங்குவோர் பலர் மனம் சோரும் இடம் இதுவே. இறுக்குவது ஒரு கையும் நெகிழ்வது மற்றொரு கையுமாக இருந்தால்தான் கட்டு அமைகிறது.

முடிச்சுகளுக்கு இடையே சிறிது நூலைத் தளரவிட்டால் அது ஒரு சிறு காது ஆகும். அடுத்த வளையத்தைப் பின்னும்போதே நூலை அக்காதின் வழியே இழுத்து முன்னதனோடு இணைத்துவிடுவர். முற்காலத்தில் வளையங்களைத் தனித்தனியே செய்து ஊசியால் தைத்துச் சேர்த்தனர். 1850ஐ ஒட்டி இங்கிலாந்தில் வெளிவந்த கைவேலை நூல்கள் பின்னும்போதே இணைக்கும் முறையை விளக்கின. பெரிய விரிப்புகள் எளிதில் கைகூட அம்முறை வழிசெய்தது. நம் அந்தாதியும் இந்த வழியில்தான் நடக்கிறது. ஒரு பாட்டு முடியும் இடத்திலே அடுத்த பாட்டு நுழைவதற்கு ஒரு காது திறந்திருக்கிறது.

இனி வளர்ச்சியின் கணக்கு. நடுவிலிருந்து 5 செ.மீ. தொலைவில் ஓடும் சுற்றின் நீளம் ஏறத்தாழ 31 செ.மீ. தொலைவு 30 செ.மீ. ஆனால் சுற்றின் நீளம் 188 செ.மீ. ஆகிவிடும். அச்சுற்றில் 90 வளையங்கள், வளையத்துக்கு 20 முடிச்சுகள் என்று கொண்டால் 1800 முடிச்சுகள். நாடா 3600 முறை சென்று மீள வேண்டும். தொடக்கத்தில் ஒரு மாலைப் பொழுதில் ஒரு சுற்று முடிந்தது. இப்போது ஒரு கிழமை உழைத்தும் விரிப்பு வளர்ந்ததாகவே கண்ணுக்குத் தோன்றாது. பெரிய விரிப்பைப் பாதியில் கைவிடுவோர் நடுவில் கைவிடுவதில்லை. இந்த ஓரத்தில்தான் கைவிடுகின்றனர்.

ஓரத்திற்கு மற்றொரு சோதனையும் உண்டு. முடிச்சு குறைந்தால் விரிப்பு கிண்ணம்போல் குழியும். மிகுந்தால் விளிம்பு அலையாக நெளியும். அளவு பொருந்தினால்தான் மேசையில் படிந்து கிடக்கும். கஞ்சியிட்டு இழுத்து விரித்தால் சிறு குறை மறையும், பெருங்குறை மறையாது. பிழையைத் திருத்துவதும் எளிதன்று. குரோஷா பின்னலில் நூல் நுனியை இழுத்தால் வரிசை முழுதும் அவிழ்ந்துவிடும். டாட்டிங்கில் மூடிய வளையம் எளிதில் திறவாது. ஊசிமுனையால் ஒவ்வொரு முடிச்சாக நெகிழ்த்த வேண்டும். இயலாதபோது வெட்டி எறிய வேண்டும். ஆதலால் பின்னுபவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே பின்னுவார். அடுப்பில் பால் பொங்கினாலும் தொட்டிலில் பிள்ளை அழுதாலும் அந்த எண்ணிக்கையைக் காத்து எழுந்து, திரும்பி வந்து, விட்ட இடத்தில் தொடுப்பார்.

தென்தமிழகத்தில் சரிகை, ரேந்தை என்ற இரு சொற்களும் துணியின் ஓர அழகோடு வழங்குவன. ரேந்தை போர்த்துகீசியச் சொல்லின் வழி வந்தது. ரேந்தை வேலையின் எழுதப்பட்ட வரலாறு நாகர்கோவிலில் தெளிவாகத் தெரிகிறது. அங்கு மார்த்தா மால்ட் அம்மையார் 1820களின் தொடக்கத்தில் பெண்களுக்கு இதனைக் கற்பித்தார். அது டாட்டிங்கின் உறவுமுறை; தலையணைமேல் ஊசிகளை நட்டு, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுவது. அன்று நாகர்கோவில் திருவிதாங்கூரைச் சார்ந்திருந்தது. அங்கே அடிமைமுறை 1855இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே அடிமைப் பெண்கள் சிலர் ரேந்தைக் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலை கொடுத்துப் பெற்றனர். நூலின் முடிச்சு கால் விலங்கின் முடிச்சை அவிழ்த்த வரலாறு இது.

மால்ட் இணையரின் மகள் எலிசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்தார். தாயின் கைவேலையை இடையன்குடிக்குக் கொண்டுசென்று அங்குள்ள பெண்களுக்குக் கற்பித்தார். கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. அவ்வீட்டில் ஒருபுறம் சொற்களின் உறவு ஆராயப்பட்டது. மறுபுறம் இழைகளின் உறவு கற்பிக்கப்பட்டது. தமிழ் பயின்றோர் முன்னதை நன்கறிவர். பின்னதை அறிந்தோர் சிலரே. பின்னிய பெண்களின் பெயர்களோ ஏட்டில் ஏறவில்லை.

இந்த மறதி தற்செயலாக நேர்ந்ததன்று, பெயரிடும்போதே தொடங்கிவிடுகிறது. டாட்டிங்கைப் பிரெஞ்சு மொழி அற்ப விளையாட்டு என்னும் பொருள்பட அழைக்கிறது. இத்தாலிய மொழி அரட்டையோடு தொடர்புபடுத்திப் பெயரிட்டது. செருமானியர் மட்டும் கருவியை மதித்துச் சிறுபடகு வேலை என்றனர். ஆந்திரத்து நரசாப்பூரின் ரேந்தைப் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். உலகச் சந்தைக்குப் பண்டம் செய்த அப்பெண்கள் வெறும் இல்லத்தரசியராகக் கருதப்பட்டனர். அவர்தம் உழைப்பு ஓய்வுநேர வேலையாகக் கொள்ளப்பட்டது. அதனாலேயே கூலி மிகத் தாழ்ந்து நின்றது என்று அந்நூல் காட்டிற்று. கைத்தறி ஊர்களிலும் நிலைமை வேறன்று. தறியில் அமர்பவர் நெசவாளர். அவருக்காகத் தார் சுற்றித் தரும் பெண், வீட்டில் சும்மா இருப்பவர்.

தமிழ் இலக்கணம் இவ்வளவு மறதி உடையதன்று. யாப்பு என்றாலே கட்டுதல். சீரும் சீரும் பிணைவது தளை. எதுகையும் மோனையும் தொடை. பூத்தொடுப்போர் அறிந்த சொல். நன்னூலின் பாயிரம் நூல் செய்யும் புலவரை நூல் நூற்கும் பெண்ணுக்கே உவமையாக்கியது. தமிழ்க் கவிதை தன் கருவிச் சொற்களைக் கட்டும் கைகளிடமிருந்து பெற்றது. பெற்ற கடனை அது இன்னும் தீர்க்கவில்லை.

தீர்க்கும் வழி பெரிதும் அரிதன்று. இவ்வட்டாரத்தில் பூத்தொடுப்பவர், தார் சுற்றுபவர், ரேந்தையும் விரிப்பும் பின்னுபவர் ஆகியோரின் தொழிற்சொற்களை அவர்கள் வாய்வழியே கேட்டுத் தொகுக்கலாம். ஒவ்வொரு சொல்லின் அருகிலும் அதனைச் சொன்னவர் பெயரை, அவர் இசைவோடு, எழுதலாம். முடித்த விரிப்பு எவ்வளவு காலம் எடுத்தது என்பதையும் குறிக்கலாம். ஓய்வுநேரம் என்று தள்ளப்பட்ட காலம் அப்போது உழைப்பின் காலமாக எண்ணப்படும்.

பத்து ஆண்டுச் சுற்றுகளைக் கடந்த இலக்கிய வட்டம் இது. வட்டம் பெருகப் பெருக ஓரத்திற்கே கூடுதல் முடிச்சு வேண்டும். நடுவில் நின்றவர்களின் பெயர்களை இம்மலர் தாங்கியிருக்கிறது. அடுத்த சுற்று, ஓரத்தில் இருப்போர் பெயர்களால் பின்னப்படுமாக. வட்டம் வளர்க.