சாவியைக் கொடுத்த பிறகு

(குறுவள மையக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் பள்ளியில் நூலகப் பொறுப்பு தமிழாசிரியருக்குக் கூடுதல் பொறுப்பு. அப்படித்தான் அது என்னிடம் வந்தது. முதல் ஆறு ஆண்டுகள் அலமாரிச் சாவி என் கைப்பையிலேயே இருந்தது. ஆண்டு முடிவில் இருப்புப் பதிவேட்டைச் சரிபார்ப்பார்கள். "ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லையே, நல்லது" என்பார்கள். எனக்கும் அதில் பெருமைதான். யாருமே எடுக்காத புத்தகம் எப்படித் தொலையும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நூலகப் பாடவேளையில் நானே புத்தகங்களை எடுத்துக் கொடுப்பேன். என் கண்ணுக்கு நல்லவையாகப் பட்டவற்றைக் கொடுப்பேன். அடுத்த வாரம் சுருக்கம் எழுதி வரச் சொல்வேன். பிள்ளைகள் பின்னட்டையைப் பார்த்து எழுதி வருவார்கள். நானும் கையெழுத்துப் போடுவேன்.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை உறுப்பினராகச் சேர்ப்பதற்காக எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த நூலகர் ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டு கேள்விகள்தான் கேட்டார். "கடைசியா நீ ரசிச்சுப் பார்த்த படம் எது? வீட்டுல யார் கதை சொல்லுவாங்க?" எந்த வகுப்பு, என்ன மதிப்பெண் என்று அவர் கேட்கவே இல்லை.

என் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு மாணவன் இருந்தான். அவன் மஞ்சுவிரட்டுப் பைத்தியம். அவன் கையில் சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' நாவலைக் கொடுத்தார். "சார், இவனுக்கு நாவலா?" என்று நான் தயங்கினேன். "டீச்சர், சின்னப் புத்தகம். ஒரே இடம், ஒரே நாள். பெரும்பாலும் பேச்சு. அந்தப் பேச்சு அவனுக்குத் தெரிஞ்ச பேச்சு" என்றார். 1959இல் வந்த நாவல் அது. தந்தையைக் கொன்ற காளையை அடக்க வரும் மகனின் கதை. அதைப் படித்து முடிக்க அவனுக்கு மூன்று வாரம் ஆனது. ஆனால் முடித்தான்.

அன்று அவரிடம் ஒரு பட்டியல் கேட்டு வாங்கினேன். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' அதில் இருந்தது. "பாட்டியிடம் வளர்ற பிள்ளைங்களுக்குக் கொடுங்க" என்றார். ஆந்திரத்திலிருந்து தெற்கே வந்து கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறிய மக்களின் கதை. வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு' மொழிபெயர்ப்பை, "சிரிச்சாத்தான் படிப்பேன்னு சொல்ற பிள்ளைக்கு" என்றார். எழுத்தாளரின் புத்தகத்தையே தின்றுவிடும் ஆடு அது. அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' மேல்நிலை வகுப்புக்கு. ஐதராபாத் இந்தியாவோடு இணைந்த காலத்தில் செகந்திராபாத்தில் வாழும் ஓர் இளைஞனின் கதை. "கடைசிப் பக்கங்கள் கனமானவை. முதல்ல நீங்க படிச்சுட்டுக் கொடுங்க" என்று எச்சரிக்கவும் செய்தார். எந்தப் பிள்ளைக்கு, எந்த வயதில், ஏன் என்பதோடு சேர்த்துச் சொன்னதால்தான் அந்தப் பரிந்துரை எனக்குப் பயன்பட்டது.

அதன்பின் அலமாரிச் சாவியை ஒன்பதாம் வகுப்பு மாணவர் இருவரிடம் கொடுத்தேன். சுருக்கம் எழுதுவதை நிறுத்தினேன். இருபது பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமல் திருப்பித் தரலாம். பிடித்திருந்தால், "இது யாருக்குப் பிடிக்கும்?" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

அந்தச் சீட்டுகள் என் தமிழைவிட நன்றாக வேலை செய்தன. 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தில் ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "முதல் அத்தியாயம் மட்டும் பொறுத்துக்கோ. ஆழ்வார்க்கடியான் வந்துட்டா கீழே வைக்க மாட்ட." ஐந்து பாகங்களைக் கண்டு பயந்த பிள்ளைகள் அந்த ஒரு வரிக்காக எடுத்தார்கள். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நாவலில் இருந்த சீட்டு: "தம்பி தங்கச்சி இருக்கிறவங்க கட்டாயம் படிங்க." தவறான தொடுதலைப் பற்றிக் குழந்தைகளிடம் பேசும் கதை அது. நான் வகுப்பில் பேசத் தயங்கிய ஒன்றை அந்த மரப்பாச்சி பேசிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருநாள் பாடத்தை முடிக்கும் அவசரத்தில் இருந்தேன். ஒரு மாணவி மூன்றாவது முறையாகச் சந்தேகம் கேட்டாள். "உனக்கு மட்டும்தான் பாடம் நடத்துறேனா? உட்கார்" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து இரா. நடராசனின் 'ஆயிஷா'வைத் திருப்பிக் கொடுத்தாள். கேள்வி கேட்டதற்காக அடிவாங்கி, கடைசியில் உயிரையே இழக்கும் மாணவியின் கதை. அதைச் சொல்பவர் ஓர் ஆசிரியை. உள்ளே சீட்டு இருந்தது. "இது யாருக்குப் பிடிக்கும்?" என்பதற்கு, "பிடிக்குமான்னு தெரியல. டீச்சருங்க படிக்கணும்" என்று எழுதியிருந்தாள்.

'ஆயிஷா'வை நான் பலமுறை படித்திருக்கிறேன், கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஆனாலும் அன்றிரவு மீண்டும் படித்தேன். மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவளிடம், "அந்தக் கேள்வியை இப்போ கேளும்மா" என்றேன். அவள் கேட்டாள். நல்ல கேள்வி. எனக்கும் விடை தெரியவில்லை. சேர்ந்து தேடினோம்.

அந்த ஆண்டு நான்கு புத்தகங்கள் பதிவேட்டில் குறைந்தன. 'வாடிவாச'லும் அதில் ஒன்று. என் கைக்காசில் வாங்கி வைத்துவிடலாம் என்றிருந்தேன். பொங்கல் விடுமுறை முடிந்து அந்த மாணவன் அதைக் கொண்டுவந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அவன் அண்ணன் எடுத்துப் போயிருந்தாராம். அட்டை கிழிந்து, உள்ளே எண்ணெய்க் கறை. "அண்ணன் ரூம்ல நாலு பேரும் படிச்சாங்களாம் டீச்சர்" என்றான். மற்ற மூன்று புத்தகங்கள் இன்னும் வரவில்லை. அவற்றையும் யாரோ படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்பது அவற்றின் சாரத்தில் ஒரு பகுதி. இரண்டையும் சேர்த்துவைக்கும் இடத்தில்தான் நாம் நிற்கிறோம். அலமாரியைப் பூட்டினால் அந்தச் சந்திப்பு நடக்காது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு நாவலின் பெயரோடு வாருங்கள். நமக்குப் பிடித்த நாவலாக இருக்க வேண்டாம். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை உங்களுக்குப் பரிந்துரைத்த நாவலாக இருக்கட்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கதைப் புத்தகத்தின் பெயரோடு வரலாம். படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.