கடல் கடந்த கல்லூரியும் கட்டணப் பாதுகாப்பும்

ஆங்கிலம் பயிலும் பொருட்டுக் கடல் கடந்து செல்ல விழையும் இளைஞர்கள் கொட்டகலையிலும் உளர். அவர்தம் கட்டணத்தில், தாய் கொழுந்து பறித்த காலத்தில் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதியும், அடகு வைத்த நகையின் பணமும் கலந்திருத்தல் கூடும். அப்பணத்தைப் பெறும் கல்லூரி எத்தகையது என ஆராய்தல் அவநம்பிக்கையன்று, பெற்றோரின் கடமையாகும்.

முதலில் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். வணிக நிறுவனமாகப் பதிவு பெறுதல் வேறு. கல்வி நிலையமாக அங்கீகாரம் பெறுதல் வேறு. முன்னதைப் பெற்றிருப்பதனால் ஒரு கல்லூரியின் கற்பித்தல் சிறந்ததென்றோ, மாணவர் கட்டணம் பாதுகாப்பானதென்றோ கொள்ளலாகாது.

இவ்வேறுபாட்டின் விளைவை அயர்லாந்து அனுபவித்தது. 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் அங்கே பத்துக்கும் மேற்பட்ட தனியார் கல்லூரிகள் மூடப்பட்டன. அவற்றுள் ஆங்கிலம் கற்பித்தவை பல. முன்கூட்டிச் செலுத்திய கட்டணம் மீளாமல் அயல்நாட்டு மாணவர் பலர் அல்லலுற்றனர். அதன் பின்னரே விதிகள் இறுக்கப்பட்டன. மாணவர் பாதுகாப்பு நிதிக்கு வழிசெய்யும் சட்டம் 2019 இல் நிறைவேறியது.

ஆஸ்திரேலியாவின் ஏற்பாடு இன்னும் தெளிவானது. 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாணவர் விசாவில் வருவோர்க்குக் கற்பிக்கும் கல்லூரி அரசாங்கப் பதிவேட்டில் இடம்பெறுதல் கட்டாயம். ஆங்கில வகுப்பு வாரத்துக்கு 20 மணி நேரமேனும் நடைபெற வேண்டும். ஓர் ஆசிரியருக்கு 18 மாணவர்க்கு மேற்படலாகாது. கல்லூரி மூடப்படின், அது பதினான்கு நாட்களுக்குள் மாற்று இடம் தருதல் வேண்டும். அன்றேல் பயன்படாத கட்டணத்தைத் திருப்புதல் வேண்டும். அது தவறுமிடத்து, கல்லூரிகளின் ஆண்டுச் செலுத்துகையால் இயங்கும் கட்டணப் பாதுகாப்புச் சேவை 2012 முதல் மாணவர்க்குத் துணைநிற்கின்றது. ஆயின் இப்பாதுகாப்பு பதிவேட்டினுள் அடங்கிய கல்லூரியின் மாணவர்க்கே உரியது என்பதை மறத்தலாகாது.

பிரித்தானியாவில் பிரிட்டிஷ் கவுன்சிலின் அங்கீகாரத் திட்டம், ஆங்கிலப் பள்ளிகளின் நிர்வாகம், கற்பித்தல், மாணவர் நலன் ஆகியவற்றை நேரிற் சென்று பரிசோதிக்கின்றது. இலங்கையிலோ, தனியார் தொழிற்பயிற்சி நிலையங்கள் 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவிற் பதிவு செய்தல் வேண்டும்.

ஆகவே பணம் செலுத்துமுன் மூன்று வினாக்கள் எழுதல் வேண்டும். கல்லூரியின் பெயரும் பயிற்சியின் பெயரும் அந்நாட்டின் பதிவேட்டில் உளவா? விசா மறுக்கப்படின் எவ்வளவு பணம் மீளும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளதா? பற்றுச்சீட்டு கல்லூரியின் பெயரிலா, முகவரின் பெயரிலா?

இப்பதிவேடுகளை எவரும் இணையத்திற் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆங்கிலம் அறியாத பெற்றோர், பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியிற் பயிற்சி பெற்று அயலிற் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரிடம் ஒப்பந்தத்தை வாசிப்பித்துக் கேட்டறியலாம். முகவரின் வாய்மொழி எத்துணை இனியதாயினும், இழந்த பணத்தை மீட்க உதவுவது எழுத்திலுள்ள ஒப்பந்தமேயாகும்.