கூண்டில் மாறும் வாக்குமூலம்



சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலைப் பொழுதில், தேநீர்க் கடை நடத்தும் ஒருவர் என்னைத் தேடி வந்தார். முன்பு அவருக்கு ஒரு கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அந்தப் பழக்கந்தான். கொலை முயற்சி வழக்கொன்றில் அவர் சாட்சி. மறுநாள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் கூண்டேற வேண்டும்.

"ஐயா, ஓடினவன் முதுகைத்தான் நான் பார்த்தேன். முகத்தைப் பார்த்ததாகப் போலீஸ் தாளிலே இருக்கிறதாம். மாற்றிச் சொன்னால் என்னையே உள்ளே தள்ளிவிடுவார்களா?" என்றார்.

நான் கேட்ட முதற் கேள்வி, "மாஜிஸ்திரேட் முன்னிலையில் சத்தியம் செய்து ஏதேனும் சொன்னீர்களா?" என்பது. இல்லை என்றார். எனக்குப் பாதிப் பாரம் குறைந்தது.

போலீசார் விசாரணையின்போது எழுதிக்கொள்ளும் வாக்குமூலம் சத்தியப் பிரமாணத்தின் மேல் பெறப்படுவதன்று. அதில் சாட்சி கையொப்பமிடவும் கூடாது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 161, 162 ஆகிய பிரிவுகளில் இருந்த இவ்விதிகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 180, 181 ஆகிய பிரிவுகளாக நிற்கின்றன. அந்தத் தாள் சாட்சியம் ஆகாது. சாட்சி கூண்டில் வேறுவிதமாகப் பேசினால் அவருடைய முரண்பாட்டைக் காட்டவே அது பயன்படும். அரசு வழக்கறிஞர் நீதிபதியின் அனுமதி பெற்றுத் தம் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்வார். 'பிறழ் சாட்சி' என்று நாளேடுகள் எழுதுவது இதைத்தான். அந்தப் பெயர் தண்டனை அன்று. அவர் சொன்னது முழுவதும் அழிந்துபோவதும் இல்லை. நம்பத்தக்க பகுதியை நீதிமன்றம் ஏற்கலாம்.

மாஜிஸ்திரேட் முன் பிரமாணத்துடன் சொன்னதை மாற்றுவது வேறு கதை. சட்டப் புத்தகத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ஒருவன் மற்றொருவனைத் தடியால் அடித்ததைக் கண்டேன் என்று மாஜிஸ்திரேட் முன் சத்தியம் செய்தவன், அடிக்கவே இல்லை என்று செஷன்ஸ் நீதிமன்றத்தில் சத்தியம் செய்கிறான். இரண்டில் எது பொய் என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை. இரண்டில் ஒன்று பொய் என்று குற்றஞ்சாட்டித் தண்டிக்கலாம். நீதிமன்றப் பொய்ச்சாட்சிக்குத் தண்டனை ஏழாண்டு வரை. ஆனால் இவ்வழக்கைப் போலீசாரோ எதிராளியோ நேரே தொடுக்க இயலாது. நீதிமன்றமே எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். நடைமுறையில் நீதிமன்றங்கள் அரிதாகவே அவ்வாறு செய்கின்றன என்பது என் எண்ணம். பெருங்குற்றங்களில், போலீசார் அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று புதிய சட்டம் விதித்திருப்பதால், இனி இந்த இக்கட்டு பலருக்கு நேரும்.

அச்சத்தால் மாறுகிறவர்களும் உண்டு. வதோதராவில் 2002ஆம் ஆண்டு பெஸ்ட் பேக்கரியில் 14 பேர் மாண்டனர். சாட்சிகள் பிறழ்ந்தனர், 2003இல் குற்றஞ்சாட்டப்பட்டோர் அனைவரும் விடுதலையாயினர். 2004இல் உச்சநீதிமன்றம் மகாராஷ்டிரத்தில் மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. பலமுறை மாறிப் பேசிய முக்கிய சாட்சிக்கு 2006இல், நீதிமன்ற அவமதிப்புக்காக, ஓராண்டுச் சிறை விதித்தது. சாட்சிகளுக்கான பாதுகாப்புத் திட்டத்தை உச்சநீதிமன்றம் ஏற்றுச் சட்டத்தின் வலிமை கொடுத்தது 2018இல்தான். சாட்சியை மிரட்டிப் பொய் சொல்லத் தூண்டுகிறவனுக்கும் ஏழாண்டு வரை சிறை உண்டு.

தேநீர்க் கடைக்காரரிடம் ஒன்றுதான் சொன்னேன்: "தாளுக்குப் பயந்து முகத்தைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்தால், அதுதான் குற்றம்."

மறுநாள் நானும் நீதிமன்றத்தில் இருந்தேன். முதுகை மட்டுமே பார்த்ததாக அவர் சொன்னார். அரசு வழக்கறிஞர் அனுமதி பெற்றுத் தாளைப் படித்துக் காட்டி, "இப்படிச் சொன்னீர் அல்லவா?" என்று அதட்டினார். "நான் அப்படிச் சொல்லவில்லை, ஐயா" என்றார் அவர். நீதிபதி அதை எழுதிக்கொண்டு, அடுத்த சாட்சியை அழைக்கச் சொன்னார்.